வளாகம் பச்சையாக இருந்தால் போதுமா? யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகச் சூழலும் உயிர்ப்பல்வகைமையும்

ஒவ்வோர் ஆண்டும் யூன் 5ஆம் திகதி, உலகச் சுற்றாடல் தினத்தன்று, பாடசாலை, அலுவலகம், பல்கலைக்கழகம் என்று எங்கும் மரக்கன்று நடுகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. இன்னொரு நாள் அதே மாதிரியான ஒரு வளவில் புதிய கட்டடத்துக்கென்று பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) வந்து மூலைப் பற்றையை வழித்துவிட்டுப் போகும். அதற்குப் படம் வராது. இதைச் சுட்டிக்காட்டுகிறவர்களிடம் பலர் கேட்பது ஒன்றுதான்: "அதுதான் மரம் நடுகிறார்களே, பிறகென்ன குறை?"

கேள்வி நியாயமானதே. பதில் சொல்லக் கொஞ்சம் அடிப்படையிலிருந்து வரவேண்டும். இந்தக் கட்டுரையின் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒரு வளாகத்தின் உயிர்ப்பல்வகைமை அங்கே எதை நடுகிறார்கள் என்பதில் தங்கியிருப்பதைவிட, எதை வெட்டாமல், கூட்டாமல், கொளுத்தாமல் விடுகிறார்கள் என்பதில்தான் அதிகம் தங்கியிருக்கிறது.

முதலில் சொற்கள்

உயிர்ப்பல்வகைமை என்பதைத் தமிழ்நாட்டில் பல்லுயிர் என்பார்கள். 1992இல் றியோ மாநாட்டில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 1994இல் இலங்கை ஏற்றுக்கொண்ட உயிர்ப்பல்வகைமைச் சமவாயம் இதை மூன்று மட்டங்களில் பார்க்கிறது.

1. பரம்பரை மட்டம். ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு. மா என்பது ஓர் இனம்தான். ஆனால் கறுத்தக்கொழும்பானும் விளாட்டும் அம்பலவியும் செம்பாட்டானும் வேறு வேறு. வளவு முழுவதும் ஒரே வகை ஒட்டுமாங்கன்றை வைத்தால் நூறு மரம் நின்றாலும் இந்த மட்டத்தில் நிற்பது ஒன்றுதான்.

2. இன மட்டம். எத்தனை வகைத் தாவரம், பூச்சி, பறவை, ஊர்வன, காளான் என்பது. சாதாரணமாக நாம் கணக்கெடுப்பது இதைத்தான்.

3. சூழல்தொகுதி மட்டம். பற்றை, புல்வெளி, நீர்நிலை, பனங்கூடல், பழைய மதில் என்று வாழிடங்கள் எத்தனை விதமாக இருக்கின்றன என்பது. இது சுருங்கினால் மேலே சொன்ன இரண்டும் தானாகச் சுருங்கும்.

முதலிரண்டு மட்டங்களுக்கும் நடுவில் சுவையான ஓர் உதாரணம் நம் தலைக்கு மேலேயே கொத்திக்கொண்டிருக்கிறது. வடக்கில் நாம் காணும் பெரிய மரங்கொத்திக்கு முதுகு பொன்மஞ்சள். தெற்கே உள்ளதற்கு முதுகு சிவப்பு. இரண்டும் சந்திக்கும் இடைப்பகுதியில் கலப்பு நிறத்தில் பறவைகள் உண்டு. வடக்கு வகையின் விஞ்ஞானப் பெயரில் 'ஜஃப்னென்ஸ்' என்று யாழ்ப்பாணத்தின் பெயரே ஒட்டியிருக்கிறது. ஒரு வளாகத்தின் பறவைப் பட்டியலில் வெறுமனே 'மரங்கொத்தி' என்று எழுதிவிட்டுப் போனால் இந்தக் கதை முழுவதும் விடுபட்டுப் போகும்.

அடுத்து, அடிக்கடி குழம்பும் நான்கு சொற்கள். ஓரிடத்தில் இயல்பாகவே இருந்துவருவது சுதேச இனம். உலகில் வேறெங்கும் இல்லாமல் ஒரு நாட்டில் மட்டும் இருப்பது உள்நாட்டுக்குரிய இனம். வெளியிலிருந்து மனிதரால் வந்தது அயல் இனம். அப்படி வந்ததில் பரவி மற்றவற்றை நெருக்குவது மட்டுமே ஆக்கிரமிப்பு இனம். அயல் இனமெல்லாம் ஆக்கிரமிப்பு இனம் அல்ல. அப்படிப் பார்த்தால் மிளகாயையும் புகையிலையையும் பப்பாசியையும் யாழ்ப்பாணத்தை விட்டே துரத்தவேண்டி வரும்.

இலங்கைக்கே உரிய இனங்களில் பெரும்பாலானவை மழை மிகுந்த தென்மேற்கு ஈரவலயக் காடுகளில் இருக்கின்றன. ஆகவே, "உங்கள் வளாகத்தில் உள்நாட்டுக்குரிய இனம் எத்தனை?" என்று கேட்டால் ஈரவலயத்திலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு முன்னால் யாழ்ப்பாணம் எப்போதும் ஏழையாகத்தான் தெரியும். ஆனால் கவுதாரியை எடுங்கள். இந்தியாவில் பரவலாக உண்டு. இலங்கையிலோ வடக்கிலும் வடமேற்கிலும் உள்ள வறண்ட பகுதிகளோடு நின்றுவிடுகிறது. பேராதனை அதைக் காப்பாற்ற முடியாது. நாம்தான் வைத்திருக்கவேண்டும்.

ஏன் பல்கலைக்கழக வளவு?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். அடியில் சுண்ணக்கல், அதன் மேல் வலிகாமத்தில் செம்மண். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறு என்று ஒன்றில்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டி முடிகிறது. மீதி மாதங்களில் குடிப்பதும் இறைப்பதும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய அந்த மழைநீர்தான். நிலமெல்லாம் தலைமுறைகளாகத் தோட்டமும் வயலும் குடியிருப்பும் ஆகிவிட்டதால் இயற்கைக் காடு என்று சொல்லக் குடாநாட்டுக்குள் மிகக் கொஞ்சமே உண்டு. உயிரினங்கள் ஒதுங்கி வாழ்வது கோயில் வளவுகளிலும் குளக்கரைகளிலும் பனங்கூடல்களிலும் வேலி ஓரங்களிலும் ஆளில்லாத காணிகளிலும்தான்.

அந்தக் காணிகள் பிள்ளைகளுக்குப் பிரிகின்றன, விற்கப்படுகின்றன, மதில் எழுகிறது. நிறுவனக் காணிக்கு மட்டும் அந்த விதி இல்லை. பல்கலைக்கழக வளவை யாரும் சீதனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதில்லை. ஒரே நிர்வாகத்தின் கீழ், பல தலைமுறைக்கு, பிரிபடாமல் இருக்கும் நிலம் யாழ்ப்பாணத்தில் அரிது. போதாக்குறைக்குத் தாவரவியல், விலங்கியல், புவியியல், விவசாயம் படித்தவர்கள் சம்பளத்தோடு அங்கேயே இருக்கிறார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. சேர். பொன். இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த திருநெல்வேலி வளவுதான் அதன் மையம். விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன. உயிர்ப்பல்வகைமை நோக்கில் இவை இரண்டும் இரு வேறு பிரச்சினைகள். திருநெல்வேலியைச் சுற்றி நெருக்கமான வீடும் கடையும் வீதியும். அங்கே கேள்வி, இந்தச் சிறு பச்சைத் துண்டு பக்கத்து வளவுகளோடு தொடர்பு அறாமல் இருக்குமா என்பது. அறிவியல்நகரில் இடம் பரந்தது. கேள்வி, கட்டடத் திட்டம் எதைத் தொடாமல் விடப்போகிறது என்பது. ஒரே கொள்கையை எழுதி இரண்டு இடத்துக்கும் அனுப்பினால் ஓரிடத்தில் அது கட்டாயம் பிழையாகிப்போகும்.

உயிர்கள் உண்மையில் எங்கே இருக்கின்றன?

*பனை.* பனையைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம்; பெரும்பாலும் பதநீர், பனங்கட்டி, ஒடியல், ஓலை என்று நமக்குக் கிடைப்பதைப் பற்றி. அதன் தலையிலுள்ள வட்டுக்குக் கீழே காய்ந்து தொங்கும் காவோலையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மெல்லிய கரும்பழுப்புப் பறவைகள் வில்போல் வளைந்த சிறகுகளோடு அதற்குள் பாய்ந்து பாய்ந்து வெளியேறும். அது பனை உழவாரன். இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் ஒட்டி, ஓலையின் உட்பக்கத்தில் ஒரு சிறு தட்டு அளவுக்குக் கூடு வைக்கும். முட்டையையும் அதிலேயே எச்சிலால் ஒட்டிவிடும். இல்லாவிட்டால் சோளகக் காற்றில் ஓலை ஆடும் ஆட்டத்துக்கு முட்டை மிஞ்சாது. குஞ்சு பொரித்த நாளிலிருந்து நிமிர்ந்து தொங்கிக்கொண்டே வளரும். 'அழகுபடுத்தல்' என்று காவோலைகளை முழுவதும் வெட்டி இறக்கினால் இந்தப் பறவைக்கு அந்த மரம் இல்லாமல் போகிறது. சிறு வௌவால்களும் அதே ஓலை மடிப்புகளில்தான் பகலைக் கழிக்கின்றன.

அப்புறம் வட்டு இழந்த பனை. போர்க்காலத்தில் எறிகணையில் தலை போன பனைகள் எத்தனையோ நின்றன. இடி விழுந்தும் நோயாலும் பட்டவை இன்றும் நிற்கின்றன. நிர்வாகக் கண்ணுக்கு அது தறிக்கவேண்டிய பட்டமரம். வெளிவைரம் கடினம், உள்ளே சோறு மென்மை என்பதால் மரங்கொத்தி அதைக் குடைகிறது. அது விட்டுப்போன பொந்தில் கிளியும் மைனாவும் சிறு ஆந்தையும் குடியேறும். உயிருள்ள பனையைத் தறிக்க அனுமதி வாங்கவேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பட்ட பனைக்காக யாரும் வாய் திறப்பதில்லை. பாதையோரத்தில், ஆள் தலையில் விழும் இடத்தில் நிற்பதைத் தறிக்கத்தான் வேண்டும். வளவின் பின்புறத்தில் நிற்பதை ஏன் தறிக்கவேண்டும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடியில் முளைக்கும் வடலிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடலிக்கூட்டம் தரையோடு அடர்ந்து நிற்பது. கீரி, உடும்பு, கவுதாரி ஒளிவது அங்கேதான். வடலி இல்லாத பனங்கூடல் பார்வைக்குத் துப்புரவாக இருக்கும். ஆனால் ஐம்பது ஆண்டில் அது பனங்கூடலாக இருக்காது.

*ஆலும் அரசும்.* இந்த மரங்களை ஒரு வளாகத்தின் தாங்குதூண்கள் என்று சூழலியலாளர் சொல்வதற்கு நிழல் காரணமில்லை. ஆலம்பழம் ஒன்றைப் பிளந்து பார்த்தால் நாம் பழம் என்று சொல்வது உள்நோக்கி மடிந்த பூக்கூட்டம் என்பது தெரியும். நுனியிலுள்ள ஊசித்துளை வழியே ஒரு மிகச் சிறிய குளவி உள்ளே நுழைகிறது. நுழையும்போதே பெரும்பாலும் இறக்கை முறிந்துவிடும், திரும்பி வராது. உள்ளே மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே இறக்கிறது. அதன் ஆண் குஞ்சுகளுக்கு இறக்கையே கிடையாது. அவை பெண்களோடு கூடியபின், பெண்கள் வெளியேறச் சுரங்கம் தோண்டிக் கொடுத்துவிட்டுச் சாகின்றன. ஆலுக்கு ஒரு குளவி, அரசுக்கு வேறொன்று.

இந்த ஏற்பாட்டின் விளைவு வளாகத்துக்கு முக்கியம். குளவிக்கு எப்போதும் எங்காவது ஒரு பூத்த மரம் வேண்டும் என்பதால் ஊரிலுள்ள ஆல்கள் எல்லாம் ஒரே மாதத்தில் பழுப்பதில்லை. மற்ற மரங்களில் ஒன்றும் இல்லாத காலத்திலும் ஏதோ ஓர் ஆலில் பழம் இருக்கும். குயிலும் மைனாவும் வௌவாலும் அணிலும் பஞ்சமாதங்களைத் தாண்டுவது இதை நம்பித்தான். முதிர்ந்த ஆல் ஒன்றைத் தறித்துவிட்டு நூறு கன்று நட்டாலும் கணக்கு நேராவதில்லை. கன்றுக்குப் பழம் இல்லை, பொந்தும் இல்லை. கட்டடச் சுவரில் முளைக்கும் ஆலங்கன்றைப் பிடுங்கத்தான் வேண்டும், அதில் விவாதம் இல்லை. பிடுங்கியதை எறியாமல் வளவின் ஓரத்தில் ஊன்றலாம்.

*பற்றை.* இலந்தை, காரை, நொச்சி, எருக்கலை, பிரண்டை, கோவை, குறிஞ்சா, முடக்கொத்தான் சேர்ந்த அடர்த்தியை நாம் பற்றை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் எந்தப் பூவிலும் கிடைக்கும். முட்டையிட மட்டும் குறிப்பிட்ட செடி வேண்டும். வீதியோரத்து எருக்கலை இலையைப் புரட்டினால் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வளையங்களும் முதுகில் மூன்று சோடிக் கறுப்பு இழைகளும் கொண்ட புழு இருக்கும். அது எருக்கலைப் பாலின் நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்துவைத்து, தன்னைக் கொத்தும் பறவைக்குக் குமட்ட வைக்கும். செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சியாகிப் பறக்கும்போதும் அந்தக் காவல் கூடவே வரும். சிவந்த உடலும் கறுப்பு இறக்கையும் கொண்ட இன்னொன்றுக்கு வேலியில் படரும் ஆடுதின்னாப்பாளை வேண்டும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் விளாத்தியும் வேறு சிலவற்றுக்கு. பற்றையை வழித்துவிட்டுச் செவ்வரத்தை நட்டால் பூ இருக்கும், வந்துபோகும் பூச்சியும் இருக்கும். அடுத்த தலைமுறை இருக்காது.

*வேலி.* கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை என்று கதியால் (துளிர்க்கும் தடி) ஊன்றி வளர்த்த உயிர்வேலி ஓணானுக்கும் அணிலுக்கும் புலுனிக் கூட்டத்துக்கும் ஒழுங்கை. ஒரு வளவிலிருந்து மற்ற வளவுக்குப் போக வேலியில் எப்போதும் ஒரு பொட்டு (புகுந்து போகும் இடைவெளி) இருக்கும். மதில் அதை அடைத்துவிடுகிறது. பாதுகாப்புக்கு மதில் தேவைப்படும் இடங்கள் உண்டு. அங்கே அடிமட்டத்தில் ஒரு சாண் அகலத் துவாரங்களை இடைக்கிடை விடலாம். உள்ளே பங்கீட்டு வேலி கட்டும் இடங்களிலாவது சீமெந்துத் தூணுக்குப் பதில் கதியால் போதும்.

*சருகு.* ஆறுமணிக் குருவி புரட்டாதி, ஐப்பசியில் இந்தியாவிலிருந்து வந்து பங்குனி, சித்திரை வரை இங்கே தங்குகிறது. நிலத்தில் தத்தித் தத்திச் சருகைக் கிளறிப் புழுவும் பூச்சியும் தின்னும். சருகு இல்லாத இடத்தில் அதற்குச் சாப்பாடு இல்லை. நாமோ தினமும் விடியக் கூட்டி, குவித்து, கொளுத்துகிறோம். குழை தாழ்த்தி மண்ணை வளர்த்த தோட்டக்காரரின் ஊர் இது. பூவரசங்குழையையும் வேப்பங்குழையையும் காசு கொடுத்து வாங்கி மண்ணுக்குள் தாட்டவர்களின் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் சருகைக் குப்பை என்று எரிப்பது பார்க்கச் சகிக்கவில்லை.

பாம்புக்கு என்ன செய்வது?

பற்றையை விடச் சொன்னால் உடனே வரும் எதிர்ப்பு இதுதான். இது வெறும் சாட்டு அல்ல. நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய மூன்றும் குடாநாட்டில் உண்டு. விடுதிக்கு இரவில் நடந்து போகும் மாணவியின் பயத்தை "இயற்கையை நேசி" என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

ஆனால் பாம்பு ஓரிடத்துக்கு வருவது இரைக்கும் மறைவுக்கும். வளாகங்களில் எலியைப் பெருக்குவது சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் கொட்டும் சோறு. மறைவைக் கொடுப்பது கட்டட வேலை முடிந்தபின் அள்ளாமல் விட்ட கல், ஓடு, பலகைக் குவியல். பற்றையை அழித்துவிட்டு இவை இரண்டையும் வைத்திருந்தால் பாம்பு கட்டடத்துக்குக் கிட்டத்தான் வரும். செய்யவேண்டியது வலயம் பிரிப்பது: நடைபாதையின் இருபுறமும் இரண்டு, மூன்று மீற்றர் புல்லைக் கட்டையாக வெட்டிவைத்து, பாதைக்கு வெளிச்சம் போட்டு, விடுதிகளையும் வகுப்பறைகளையும் சுற்றித் தெளிவாக வைத்து, அதற்கு அப்பால் உள்ளதைத் தொடாமல் விடுவது. வெளிச்சமும் பாதையை நோக்கிக் கீழே விழவேண்டும். மரத்துக்குள் அடிக்கும் விளக்கு இரவுப் பூச்சிகளையும் வௌவாலையும் குழப்புவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

எப்போது நடுவது, எதை நடுவது?

யூன் 5க்குத் திரும்புவோம். கொழும்பில் அந்த நாளில் தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. கன்றுக்கு அது நல்ல காலம். யாழ்ப்பாணத்தில் அதே நாளில் சோளகம் வீசுகிறது, மண் வெடித்துக் கிடக்கிறது, அடுத்த நம்பகமான மழைக்கு நான்கு மாதம் இருக்கிறது. அன்று நட்ட கன்றுக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டால் அது ஆடி தாண்டாது. வடமாகாண சபை இயங்கிய காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது. வடக்கின் மழையைப் பார்த்துச் செய்த அறிவிப்பு அது. யூன் 5இல் செய்ய வேறு வேலை உண்டு: போன கார்த்திகையில் நட்டதில் எத்தனை உயிரோடு நிற்கிறது என்று எண்ணலாம். எண்ணும் விழாவுக்கு அதிதிகள் வருவார்களா என்பது வேறு விடயம்.

எதை நடுவது என்பதில் சில வரிகள் போதும். மகோகனியும் தீக்கொன்றையும் விரைவாக நிழல் தரும், பார்க்கவும் அழகு. நம் பறவைக்கும் பூச்சிக்கும் அவற்றால் கிடைப்பது கொஞ்சம். பாலை, வீரை, இலுப்பை, நாவல், விளாத்தி, மஞ்சவண்ணா, புங்கை, மருது போன்றவற்றில் பல மெதுவாகத்தான் வளரும். பழமும் பூவும் தேனும் பல மாதங்களுக்குப் பங்கிட்டுக் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவு இடைவெளியில் வரிசையாக நடாமல் உயர்மரம், குறுமரம், செடி, கொடி என்று அடுக்காக நட்டால் நல்லது. கன்றை எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். வளாகத்திலேயே நிற்கும் பழைய மரங்களின் விதையைச் சேர்த்து நாற்றுமேடை வைத்தால் பரம்பரை மட்டத்துப் பல்வகைமையும் கையோடு காக்கப்படும்.

தண்ணீரும் நுளம்பும்

குடாநாட்டில் நீர்நிலை அமைப்பது பறவைக்கு மட்டுமான வேலை அல்ல. கூரையிலும் தார்ப்பாதையிலும் விழுந்து வாய்க்காலால் கடலுக்கு ஓடும் மழையை நிலத்துக்குள் இறக்கும் வேலையும் அதுதான். வளாகத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு கேணியோ பள்ளமோ இருந்தால் தவளை, தும்பி, கொக்கு, மீன்கொத்தி எல்லாம் அழைக்காமலே வரும்.

உடனே டெங்குக் கேள்வி எழும். யாழ்ப்பாணத்தில் மாரி மழையோடு கார்த்திகை முதல் தை வரை டெங்கு ஏறுவது ஆண்டுதோறும் நடப்பது. ஆனால் டெங்கு நுளம்பு விரும்புவது சிறு கொள்கலன்களை: டயர், சிரட்டை, யோகட் கோப்பை, அடைபட்ட பீலி, தண்ணீர்த் தாங்கி. மீனும் தும்பிப் புழுவும் உள்ள குளத்தில் குடம்பிகள் (நுளம்பின் புழுக்கள்) அதிகம் தப்புவதில்லை. யாழ்ப்பாணத்து விடயம் கொஞ்சம் சிக்கலானது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: இந்த நுளம்புகள் கரையோர உவர்நீரிலும் பெருகுவதை யாழ் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். ஆகவே கேணியை வெட்டிவிட்டுக் கைவிடக்கூடாது. குடம்பி இருக்கிறதா என்று வாராவாரம் பார்க்கவேண்டும்; மீன் விடுவதானால் கப்பியை விடாமல் உள்ளூர்க் குளத்துச் சிறுமீன்களை விடவேண்டும். கப்பி தென்னமெரிக்காவிலிருந்து வந்த அயல் மீன்.

வெளியிலிருந்து வருபவை

பார்த்தீனியத்தை அறியாதவர் வடக்கில் இல்லை. 1980களின் இறுதியில் இந்திய அமைதிப்படை வந்த காலத்தோடு அது இங்கே நுழைந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த செடி. ஒரு செடியே பத்தாயிரத்துக்கு மேல் விதை போடக்கூடியது. தோலில் கடியும் மூக்கில் ஒவ்வாமையும் தருவது. வளாகத்துக்குள் அது வரும் வழிகளில் முக்கியமானது கட்டட வேலைக்கு ஏற்றிவரும் மண்ணும் மணலும். கட்டடம் முடிந்த அடுத்த மாரியில் அத்திவாரத்தைச் சுற்றி வெள்ளைப் பூக்கள் தெரிந்தால் எங்கிருந்து வந்தது என்று தேடவேண்டியதில்லை. பூக்க முன், நிலம் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்கவேண்டும். பூத்தபின் பிடுங்கிக் குழியில் கூட்டெருவுக்குப் போட்டால் விதையையும் சேர்த்துப் பரப்பியதாகிவிடும். வெறும் நிலமாக விட்டால் திரும்ப வரும். அந்த இடத்தில் வேறு செடி அடர்ந்து வளரவேண்டும். இபில் இபில் என்ற அயல் மரமும் இதே மாதிரிக் கவனிக்கவேண்டிய ஒன்று.

விலங்குகளில் சொல்ல மனம் வராதது பூனையும் நாயும். மாணவர் சோறு வைத்து வளர்க்கும் பூனைகள் அணில், ஓணான், தரையில் கூடுகட்டும் பறவை எல்லாவற்றையும் வேட்டையாடும். சோறு வைப்பவர்களோடு சண்டை பிடித்துப் பயனில்லை. கருத்தடை செய்வதும், தீனி வைக்கும் இடத்தைப் பற்றை ஓரத்திலிருந்து தள்ளிவைப்பதும் நடக்கக்கூடிய காரியம். திறந்த குப்பைத்தொட்டி காகத்தைப் பெருக்குகிறது; காகம் மற்றப் பறவைகளின் முட்டையைத் தின்கிறது. சிற்றுண்டிச்சாலைத் தொட்டிக்கு மூடி போடுவதும் உயிர்ப்பல்வகைமைப் பாதுகாப்புத்தான், கேட்கச் சிரிப்பாக இருந்தாலும்.

தரப்படுத்தல் பட்டியல்கள் சொல்வதும் சொல்லாததும்

'பசுமைப் பல்கலைக்கழகம்' என்ற செய்திகள் பெரும்பாலும் இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கிய கிறீன்மெட்ரிக் தரப்படுத்தலிலிருந்து வருகின்றன. அதில் பல பிரிவுகள். முதலாவது அமைவிடமும் உட்கட்டமைப்பும்; பிறகு சக்தியும் காலநிலையும், கழிவு, நீர், போக்குவரத்து, கல்வி முதலியவை. தாவரம் மூடிய பரப்பளவு முதற்பிரிவில் வருகிறது. நடப்பட்ட தாவரப் பரப்பு என்ற கணக்கில் புற்றரையும் சேரும். அதாவது, பற்றையை வழித்துப் புற்றரை போட்ட வளாகம் இந்தக் கணக்கில் பெரிதாக எதையும் இழக்காது. தரப்படுத்தல் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. மின்சாரம், கழிவு, நீர் விடயத்தில் நிர்வாகத்தை நகர்த்த அது உதவுகிறது. உயிர்ப்பல்வகைமை பற்றிய கேள்விக்கு அதில் விடை தேடக்கூடாது, அவ்வளவுதான். 2022 டிசம்பரில், மேலே சொன்ன உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தின் கீழ், குன்மிங்-மொன்றியல் சட்டகத்தில் நாடுகள் ஒப்புக்கொண்ட 23 இலக்குகளில் 12ஆவது நகரப் பசுமைவெளிகளைப் பற்றியது. அது பரப்பளவோடு தரத்தையும் ஒன்றோடொன்று தொடர்பையும் சேர்த்தே கேட்கிறது. திருநெல்வேலிக்குப் பொருந்தும் அளவுகோல் அது.

நிர்வாகம் செய்யக்கூடியவை

சட்டம் எவ்வளவு தூரம் உதவும்? 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்குகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பல உயிரினங்களைக் காக்கிறது. மரம் தறிக்க அனுமதி விதிகள் உண்டு. ஒரு வளவுக்குள் உள்ள பற்றைக்கும் சருகுக்கும் பட்ட மரத்துக்கும் பெயர் சொல்லிக் காவல் எதுவும் இல்லை. அங்கே நிர்வாகத்தின் சொந்த விதிதான் சட்டம். அந்த விதி பெரிய கொள்கை ஆவணமாக இருக்கவேண்டியதில்லை.

1. வரைபடம். முதிர்ந்த மரம், பொந்துள்ள மரம், பட்ட பனை, பற்றை, நீர் தேங்கும் இடம் எல்லாம் குறித்த ஒரு வரைபடம், கட்டடத் திட்டம் வரைய முன்னரே கட்டடக்கலைஞர் மேசையில் இருக்கவேண்டும். பிறகு கொடுத்தால் அது வெறும் துயரப் பட்டியல்.

2. தொடாத வலயம். வளவின் ஒரு பங்கைக் கூட்டாமல், வெட்டாமல் விடுவதென்று பல்கலைக்கழகத்தை ஆளும் பேரவை தீர்மானித்து எல்லைக்கல் போடவேண்டும். பெயர்ப்பலகையும் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சிரமதானத்தில் உற்சாகமான மாணவர் கூட்டம் ஒரு காலைப்பொழுதில் அதைத் துப்புரவாக்கிவிடும்.

3. கேள்விப்பத்திரம் (டெண்டர்). கட்டட ஒப்பந்தத்தில் வெளிமண் எங்கிருந்து வருகிறது, எந்த மரத்தின் வேரடியில் பொருள் குவிக்கக்கூடாது, முடிந்ததும் கழிவை யார் அள்ளுவது என்ற மூன்று நிபந்தனைகள். துப்புரவுப் பணி ஒப்பந்தத்தில் சருகு எரிக்கத் தடை.

4. துப்புரவுப் பணியாளர். எந்த மரத்தில் எது கூடு வைக்கிறது, உடும்பு எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் தெரிவது அவர்களுக்கு. கருத்தரங்கு மண்டபத்துக்கு அவர்களை அழைப்பது அபூர்வம். பயிற்சியும் மதிப்பும் அங்கேதான் முதலில் போகவேண்டும்.

5. கணக்கெடுப்பு. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு நாடு முழுவதும் அரசாங்கம் 5 நிமிடம் குரங்கு, மயில் முதலியவற்றை எண்ணச் சொன்னது நினைவிருக்கும். ஒருமுறை எண்ணி நிறுத்தினால் கிடைப்பது ஓர் எண் மட்டுமே. கூடுகிறதா குறைகிறதா என்பது அதே பாதையில், அதே நேரத்தில், அதே முறையில் திரும்பத் திரும்ப எண்ணினால்தான் தெரியும். வளாகத்துக்கு இது கடினமில்லை. நிலையான சில பாதைகளைக் குறித்து, ஆண்டில் மூன்று முறை நடந்தால் போதும்: புரட்டாதிக் கடைசியில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும்போது ஒன்று, தையில் மழைக்குப் பின் செடியும் பூச்சியும் நிறைந்திருக்கும்போது ஒன்று, வைகாசியில் வரட்சி இறுகும்போது ஒன்று. பறவைக்கு ஈபேர்ட், மற்றவற்றுக்கு ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பதிந்தால் படமும் திகதியும் இடமும் அழியாமல் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் முதலாம் வருட மாணவருக்கு இதையே செய்முறைப் பாடமாக்கினால் தனியாக ஆள் தேடவேண்டியதில்லை. முதற்கணக்கு இந்தப் புரட்டாதியிலேயே தொடங்கலாம். தொடாத வலயத்தின் எல்லையை எங்கே போடுவது என்று பேரவை கேட்கும்போது மேசையில் வைக்க ஒரு தாள் இருக்கும்.